தட்டலோடு தொடங்கும் பாட்டு

அதிமதுரக் குச்சியை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்குத் தள்ளிக்கொண்டு, பாதுகாப்பு அதிகாரியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான் லாசரஸ். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. குற்றம் ஒன்றே ஒன்றுதான். செம்பவாங் பக்கம் இருக்கிற அந்தச் சின்னக் கப்பல் பட்டறையில் நாள் முழுக்க இரும்பும் இரும்பும் மோதுகிறது. எல்லாரும் காதடைப்பு மாட்டிக்கொள்ள, இவன் மட்டும் மாட்ட மாட்டான். காது செவிடாகிவிடும் என்று அதிகாரி எச்சரித்தால், "ஆவட்டும் சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, எச்சரிக்கைச் சீட்டை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிடுவான். அப்படி ஒரு பிடிவாதம்.

மார்சிலிங்கில் வீடு, முப்பத்திரண்டு வயது, ஊதினால் பறக்கிற உடம்பு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாமல் போவான். ஆனால் பாட மாட்டான், உதட்டை மட்டும் அசைப்பான். இவன் டீ கேட்டால் கேன்டீன்காரர் குனிந்துதான் காது கொடுக்க வேண்டும். காச நோயோ என்று பயந்து, கூட வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்த காலமும் உண்டு. வியாதியும் இல்லை, வெட்கமும் இல்லை. வாரம் முழுக்க அவன் குரலைச் சேமிக்கிறான்.

சேமித்ததையெல்லாம் சனிக்கிழமை மத்தியானம் டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு மாடியறையில் கொட்டித் தீர்ப்பான். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை அது. 'துரு' என்பது குழுவின் பெயர். கிதாருக்கு வடிவேலு, டிரம்ஸுக்கு நூர்தீன், குரலும் வரிகளும் லாசரஸ். வெளிநாட்டுக் கேசட்டுகளில் வரும் டெத் மெட்டல் என்கிற முரட்டு இசைதான் மூவருக்கும் பைத்தியம். வடிவேலுவின் கிதார் தாலாட்டும். அதன் மேல் லாசரஸின் குரல் அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டு ஏறும். முதன்முதலில் அதைக் கேட்ட அன்று நூர்தீன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, "டேய், உள்ள யாருடா இருக்கா?" என்று கேட்டான்.

பாட்டெல்லாம் தமிழ்தான். ஆனால் தமிழ் என்று இவனே சொன்னால்தான் உண்டு. சமூக மன்ற மேடையில் ஏற வேண்டுமானால் வரிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். நம் ஆள் என்ன செய்தான் தெரியுமா? உழைப்பே உயர்வு, சுத்தமே சுகம், அண்டை வீட்டாரோடு அன்பாய் இரு என்று அழகாக மூன்று பத்தி எழுதிக் கொடுத்துவிட்டு, மேடையில் வேறு எதையோ உறுமிவிட்டு இறங்கினான். ஏற்பாட்டுக் குழுத் தலைவர் கை குலுக்கி, நல்ல கருத்து தம்பி, சத்தம்தான் கொஞ்சம் அதிகம் என்றாராம். வடிவேலுவும் நூர்தீனும்கூட அந்தக் காகிதத்தில் இருப்பதுதான் பாட்டு என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டதில்லை, இவன் சொன்னதில்லை.

வினை இந்த எண்பத்தொன்பதில்தான் வந்தது. சிராங்கூன் ரோட்டில் கேசட் வெளியிடும் ஒருவர் மாடியேறி வந்து கேட்டார். மெட்டு பிரமாதம், குரல்தான் பேய் என்றார். மனிதன் மாதிரிப் பாடினால் கேசட் போடலாம், வானொலியில் வரும், கல்யாண வீட்டில்கூட ஓடும். புதிதாய்க் கல்யாணம் ஆன நூர்தீன் அந்த நிமிடமே சரி என்றுவிட்டான். வடிவேலு ஒரு வாரம் யோசித்தான். பிறகு அவனும் அந்தப் பக்கம் போனான்.

"அஞ்சு வருஷமா அதே நாப்பது பேருக்குத்தான் வாசிக்கிறோம். எங்க அண்ணி உக்காந்து கேக்குற மாதிரி ஒரு பாட்டாவது வேணும்டா. அந்தப் பேப்பர்ல இருக்கிறத தெளிவா பாடு லா, போதும்."

முதலில் எடுத்துக்கொண்டது தட்டலோடு தொடங்குகிற பாட்டு. மூன்று தட்டல், ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. டிரம்ஸில் அல்ல, பட்டறையிலிருந்து லாசரஸ் கொண்டுவந்து கொடுத்த இரும்புத் துண்டில், சுத்தியலால் நூர்தீன் தட்டுவான். காதுக்கு இதமாக இல்லை, எடுத்துவிடுங்கள் என்றார் கேசட்காரர். லாசரஸ் உறுமலை விட்டுக்கொடுத்தான், வேகத்தை விட்டுக்கொடுத்தான், நடுவில் புல்லாங்குழல் நுழைவதற்குக்கூடத் தலையாட்டினான். அந்தத் தட்டலை மட்டும் தொடவிடவில்லை.

காரணம் இருக்கிறது. வடிவேலுவின் அண்ணன் அண்ணாதுரை அதே பட்டறையில் வெல்டராக இருந்தவர். கப்பலின் அடித்தொட்டிக்குள் அவர் இறங்கினால், மேலே திறப்பருகே ஒரு ஆள் காவல் நிற்க வேண்டும். உள்ளே வாயு கூடினால் உதவிக்கு ஆள் கூப்பிட்டு அவரை வெளியே தூக்குவது அந்தக் காவலாளின் பொறுப்பு. எண்பத்திரண்டில் ஒரு நாள் அப்படி நின்றவன் லாசரஸ். இடத்தைவிட்டு ஒரு அடி நகரவில்லை. விசாரணையிலும் அப்படித்தான் பதிவாயிற்று. அண்ணாதுரை செத்ததற்கு ஒருவரும் இவனைக் குறை சொல்லவில்லை.

காதில் என்ன இருந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. புதிதாய் வாங்கிய வாக்மனின் ஹெட்போன் இருந்தது. பாட்டுக்கு நடுவே டக் டக் டக் என்று மூன்று முறை கேட்டது, கொஞ்சம் விட்டு மறுபடி மூன்று. டிரம்ஸ் என்று நினைத்தான். நன்றாயிருக்கிறதே என்று காலால் தாளம்கூடப் போட்டான், பாவி. அடக்கம் முடிந்த மறுநாள் அதே கேசட்டைப் போட்டுக் கேட்டான். அந்த இடத்தில் டிரம்ஸே இல்லை. வாக்மனைச் செம்பவாங் கடலில் எறிந்தான். அதற்குப் பிறகு காதில் எதையும் வைத்ததில்லை.

குழு சேர்ந்ததும் முதலில் எழுதியது அந்தப் பாட்டைத்தான். அண்ணாதுரையின் தம்பி பக்கத்திலேயே நின்று கிதார் வாசிக்க, இவன் அண்ணாதுரையிடம் உறுமி உறுமி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று பாதியில் திரும்பி வந்தவனுக்கு அது போதுமாயிருந்தது. இப்போதோ தெளிவாகப் பாடு என்கிறார்கள். பாடினால் வடிவேலு போவான், அவன் வீட்டுச் சோறு போகும், வேலையும் போகலாம். நல்ல வேளையாக அந்த உழைப்பே உயர்வு வரிகள் அதே மெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தன. அதைப் பாடிவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அப்படித்தான் லாசரஸ் முடிவும் செய்திருந்தான், ஒலிப்பதிவுக்கு முந்தின ஞாயிறு வரை.

அந்த ஞாயிறு அண்ணாதுரையின் நினைவுநாள். அவர் மனைவி சந்திரமதி வீட்டில் படத்துக்குப் படைத்த பிறகு லாசரஸுக்குத்தான் முதல் இலை. கடைசியாய் அவர் பக்கத்தில் இருந்தவன் என்று அப்படி ஒரு மரியாதை. வருடா வருடம் ரசம் ஊற்றும்போது அந்த அம்மாள் ஒரு கேள்வி கேட்பார். இந்த வருடமும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு சத்தங்கூடவா குடுக்கல தம்பி? பேசாம போற ஆளு இல்லயே அவரு."

"இல்லண்ணி."

ஏழாவது தடவையாகச் சொன்ன பொய் அது. சந்திரமதி இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். பிறகு, வானொலியில் பாட்டு வருகிற நேரத்தைச் சொல்லச் சொன்னார்; அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கேட்பாராம். வீட்டுக்காரர் தம்பி வாசித்து, நீ பாடி, நான் கேட்காமல் வேறு யார் கேட்பது என்றார். லாசரஸ் ரசச் சோறோடு இலையை அப்படியே மடித்தான்.

காத்தோங்கில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம். கிதாரும் டிரம்ஸும் முதல் நாளே பதிவாகிவிட்டன. பாக்கி குரல் மட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேசட்காரர், நூர்தீன், வடிவேலு. இந்தப் பக்கம் லாசரஸ் தனியாக. ஹெட்போனை மாட்டச் சொன்னதும் முடியாது என்றான். மாட்டாமல் எப்படிப் பாடுவது, வாசித்தது உனக்குக் கேட்க வேண்டாமா என்றார் கேசட்காரர். கால் மணி நேரம் போயிற்று. நூர்தீன் கெஞ்சிப் பார்த்தான். லாசரஸின் சட்டை குளிர்சாதன அறையிலும் முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் வடிவேலுவை உள்ளே வரச் சொன்னான்.

"ரெண்டு ஹெட்போன் இருக்கு. ஒண்ணு நீ போட்டுக்க. வார்த்தய கேளு."

"பேப்பர்ல படிச்சதுதானடா?"

"கேளுடா."

குரல் வழக்கம்போல மெல்லத்தான் வந்தது. வடிவேலு சிரித்துக்கொண்டே ஒன்றை மாட்டிக்கொண்டான். ஏழு ஆண்டுக்குப் பிறகு லாசரஸும் மாட்டினான். அதிமதுரக் குச்சியைத் துப்பிவிட்டு, காகிதத்தை எழுத்து தெரியாமல் கவிழ்த்து வைத்தான். நாடா சுழன்றது. இரும்பில் மூன்று தட்டல் இரண்டு காதுக்குள்ளும் நேராக இறங்கியது. உடம்பு தூக்கிப் போட்டது. ஆனாலும் அவன் கழற்றவில்லை. மறுபடி மூன்று. வடிவேலு பழக்கதோஷத்தில் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

லாசரஸ் பாடினான். உறுமல் இல்லை, உடைந்து போகாத சுத்தமான குரல். அவனிடம் அப்படி ஒன்று இருப்பது அதுவரை ஒருவருக்கும் தெரியாது.

"நீ தட்டினாய் அண்ணே, அண்ணாதுரை அண்ணே, நான் தாளம் போட்டேன்..."

வடிவேலுவின் கால் நின்றது. கண்ணாடிக்கு அப்பால் கேசட்காரர் தன் பிரதியைத் தூக்கிக் காட்டி, வரி மாறுகிறது, நிறுத்து என்று கையாட்டினார். லாசரஸ் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டான். வடிவேலு அவர் பக்கம் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினான். மறு கையால் ஹெட்போனைக் காதோடு சேர்த்து இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டான்.