உவரிப் பாய்த்துணி

எனக்கு எழுதத் தெரியாது. நான் பேசுவதைப் போனே எழுதிக்கொள்கிறது.

இன்று பாளையங்கோட்டை பஸ்ஸில் கடலோரத்து உவரிக்காரம்மா ஒருத்தி மீன்கூடையோடு ஏறினாள். பலரும் மூக்கைப் பொத்தினார்கள்.

"இறங்கிக்கம்மா, அடுத்த வண்டி வரும்" என்றார் ஒருவர்.

"இங்கன வா தாயி, கூடையை என் காலடியில வை" என்றேன்.

உட்கார்ந்ததும் கேட்டாள்: "உங்களுக்கு நாறலியா அண்ணாச்சி?"

"இந்தக் கவிச்சியிலதான் என் மவ படிச்சா."

தொண்ணூறுகளில் தாமிரபரணி பெருகியபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கூரை வெள்ளத்தோடு போயிற்று. வகுப்பு நின்றது. பிள்ளைகளைப் பீடி சுற்ற அனுப்ப ஆரம்பித்தோம். என் மகளுக்கும் பீடித்தட்டு வாங்கிவிட்டேன்.

அப்போது எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவரும் உவரிக்காரர்கள், வள்ளத்தில் கட்டும், மீன்கவிச்சி போகாத பழைய பாய்த்துணிகளைக் கொண்டுவந்து, நின்ற சுவர்கள்மேல் இழுத்துக் கட்டினார்கள். மறுநாளே மணி அடித்தது. பீடித்தட்டில் என் மனைவி வற்றல் காயப்போட்டாள். மகள் இப்போது நர்ஸ்.

எல்லாவற்றையும் கேட்ட உவரிக்காரம்மா, "அது சரி, எங்க பாயத் திருப்பிக் குடுத்தியளா?" என்றாள்.

மூக்கைப் பொத்தியிருந்தவரும் சிரித்துவிட்டார்.

ஓடு வேய்ந்த பிறகு அந்தத் துணியை வெட்டி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புத்தகப்பை தைத்துவிட்டோம். அதைச் சொன்னேன். "அப்பம் சரி" என்று கூடையை இன்னும் என் பக்கமாகத் தள்ளினாள்.

இதைப் படிக்கும் எங்கள் ஊர்க்காரர்களே, அந்தப் பை யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் சொல்லுங்கள். உவரியில் கொண்டுபோய்க் காட்டவேண்டும். துவைத்துவிடாதீர்கள்.