மெத்தைப் பக்கம்

என் தங்கச்சி மகள் கம்பு ஊன்றித் தாண்டுகிறவள். ஓடி வந்து, நீளமான கம்பைக் குழியில் குத்தி, அது வளைந்து நிமிரும்போது அதோடு மேலே போய், குறுக்கே வைத்திருக்கிற கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் விழ வேண்டும். இதை நான் யாரிடம் சொன்னாலும், "சரி, அதுல இன்னா கெடைக்கும்?" என்றுதான் கேட்பார்கள். அவள் அப்பாவும் முதலில் அதைத்தான் கேட்டார். பிறகு அவருக்கே ஒரு பதில் கிடைத்தது. அவருடைய பெரியப்பா பேரன் கபடி ஆடின சர்டிபிகேட்டை வைத்து அரக்கோணத்தில் ரயில்வே வேலைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அவர் மகளை ஒன்றும் சொல்வதில்லை. சர்டிபிகேட் வந்தால் வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவில் வைப்பார்.

நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு தங்கச்சி கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நானும் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல் தோல் தைக்கிற மிஷினில் இருந்தவள்தான். கண் மங்கினதும் நின்றுவிட்டேன். தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் இப்போதும் போகிறார்கள். அவர் கட்டிங், இவள் தையல். விடிந்ததும் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். லீவு போட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அதனால் பிளஸ் டூ முடித்த பெண்ணுக்குக் காலேஜ் பார்க்கிற வேலை, ஐந்தாவது வரைக்கும் படித்த என் தலையில் வந்தது. "நீ ஒண்ணும் பேச வேணாக்கா, கூட நின்னா போதும்" என்றாள் தங்கச்சி. பேச வேண்டாம் என்றதால்தான் போனேன். எனக்குப் புது ஆட்களைப் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

முதலில் போனது பக்கத்தில் இருக்கிற பொம்பளைப் பிள்ளைகள் காலேஜ். வேலூர் பஸ்ஸில் ஏறினால் காலேஜ் வாசலிலேயே இறங்கலாம். அங்கே விளையாட்டு மேடம் ரொம்ப சந்தோஷப்பட்டார்கள்.

"கம்பு தாண்டற பொண்ணா? எங்ககிட்ட ஆளே இல்லம்மா. நீ சேர்ந்தா அடுத்த போட்டிக்கே பேர் குடுத்துடறேன். மத்த காலேஜ்லயும் ஜாஸ்தி பேர் இல்ல, நீ போய் நின்னாலே மெடல்."

"தாண்டி விழறதுக்கு மேட் இருக்குதா மேடம்?" என்று கேட்டாள் இவள்.

"மேட் எங்கம்மா. உங்க ஸ்கூல்ல மூட்டை போட்டு வெச்சிருக்காங்களாமே, அங்கயே பழகிக்கோ. போட்டிக்கு மட்டும் எங்க பேர்ல போ."

வெளியே வந்ததும், "இன்னாடி, நல்லாத்தான பேசறாங்க" என்றேன். அவள் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள்.

மூட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாண்டி விழுகிறவர்களுக்கு ஒரு பெரிய மெத்தை வேண்டும். அதன் விலைக்கு ஒரு வீட்டுக்குக் கூரை போட்டுவிடலாம் என்பார் அவள் பள்ளிக்கூடத்து விளையாட்டு மாஸ்டர். அதனால் அவர் ஷூ கம்பெனிகளில் கேட்டுக் கழிவு வாங்கினார். முதலில் கொடுத்தது தங்கச்சி வீட்டுக்காரர் கம்பெனி. செருப்புக்கு உள்ளே வைக்கிற மெத்து மெத்தென்ற ஃபோம், வெட்டியது போக மிச்சம். அதைக் கோணியில் அடைத்து, வாயை நான்தான் கோணி ஊசியால் தைத்தேன். அந்த மூட்டைகளை இடது பக்கம் அடுக்கினார்கள். அது போதவில்லை. அடுத்த வருஷம் வேறொரு கம்பெனியில் கொடுத்தார்கள். அது செருப்புக்கு அடியில் வைக்கிற சோல் வெட்டின கெட்டி ரப்பர் சீட்டுத் துண்டு. மூட்டையாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதை வலது பக்கம் அடுக்கினார்கள். மேலே ஒரு தார்ப்பாய்.

பிள்ளைகளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. இடது பக்கத்துக்கு மெத்தை என்றும் வலது பக்கத்துக்குக் கட்டை என்றும் பேர் வைத்தார்கள். யாராவது தாண்டினால் சுற்றி நிற்கிறவர்கள், "மெத்த! மெத்த!" என்று கத்துவார்கள். நடுவில் விழுந்தால் இரண்டு வரிசையும் விலகி, ஆள் உள்ளே போய்விடும். அதற்கும் ஒரு பேர் வைத்திருந்தார்கள். அதை எழுத முடியாது.

இவளும் அங்கேதான் பழகினாள். வெளியூர்ப் போட்டிக்குப் போய் நல்ல மெத்தையிலும் விழுந்திருக்கிறாள். மெடல் வாங்கியிருக்கிறாள். எப்படி விழுகிறாள் என்று யாரும் பார்க்கவில்லை. தாண்டினாளா இல்லையா என்றுதான் பார்த்தார்கள்.

மாஸ்டர்தான் சென்னையில் ஒரு காலேஜ் சொன்னார். விளையாடுகிற பிள்ளைகளுக்கு சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்களே கொடுப்பார்கள், ஆனால் ஒரு நாள் வந்து தாண்டிக் காட்ட வேண்டும் என்றார். கம்பை எப்படிக் கொண்டு போவது? பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ரயிலில் ஜன்னல் கம்பியில் வெளியே கட்டிக்கொண்டு போகிற பிள்ளைகள் உண்டு, ஆனால் போலீஸ்காரர் பார்த்தால் பேஜார். கடைசியில் கம்பெனியிலிருந்து ஷூ பெட்டி ஏற்றிக்கொண்டு போகிற சின்ன லாரியில் போனோம். தார்ப்பாய்க்கு மேலே கம்பைப் போட்டு, முன்னாலும் பின்னாலும் கயிறு கட்டினார் டிரைவர்.

"ஆயா, பின்னாடி நீட்டினு இருக்குது. செகப்புத் துணி கட்டணும், இல்லன்னா கேஸ் போடுவான். எதுனா இருக்குதா?"

வீட்டுக்குள் ஓடிக் கைக்குக் கிடைத்ததைக் கிழித்துக்கொண்டு வந்தேன். அது என் பழைய சிவப்பு உள்பாவாடை. அவசரத்தில் நாடா கோக்கிற பக்கத்தோடு கிழித்துவிட்டேன். வாலாஜா தாண்டினதும் டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "கொடி சூப்பரா பறக்குது ஆயா" என்றார். சென்னை போகிற வரைக்கும் நான் தலை நிமிரவில்லை. இவள் வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

லாரி காலேஜ் தெருவுக்குள் வராது என்று முனையில் இறக்கிவிட்டார், சாயந்தரம் வருகிறேன் என்றார். கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் முன்னால், கைப்பையும் சோற்று டப்பாவுமாக நான் பின்னால். டீக்கடையில் ஒருத்தன், "இன்னா பாப்பா, ஊருக்கே ஒட்டட அடிக்கப் போறியா?" என்றான். "ஆமாண்ணே, உங்க கடைலருந்து ஆரம்பிக்கட்டுமா?" என்றாள். அவளுக்கு வாய் எங்கிருந்து வந்ததோ.

அங்கே இருந்த மெத்தை எங்கள் வீட்டு முன்னறையை விடப் பெரியது. நீல நிறம். நான் மரத்தடியில் உட்கார்ந்தேன். அவள் ஓடினாள், தாண்டினாள். இடது ஓரத்தில் போய் விழுந்தாள். அடுத்த தடவையும் அதே ஓரம். அதற்கடுத்த தடவை பாதி உடம்பு மெத்தைக்கு வெளியே தொங்கியது. அங்கே பழகுகிற பெண்கள் இரண்டு பேர் பிடித்து உள்ளே தள்ளினார்கள். குறுக்குக் கம்பி ஒரு தடவையும் விழவில்லை.

கோச் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, இவ்ளோ பெரிய மெத்தை போட்டு வெச்சிருக்கேன். நீ ஏன் ஓரத்துல போய் விழற?"

"அந்தப் பக்கம்தான் சார் சாஃப்டா இருக்கும்" என்றாள் இவள். சொன்ன பிறகுதான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. பிறகு மூட்டையைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண்கள் சிரித்தார்கள். கோச்சும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நான் இருந்த மரத்தடிக்கே கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஓட்டம் நல்லா இருக்கு. கை நல்லா இருக்கு. ஆனா மேல போறப்பவே வலது பக்கத்துக்குப் பயந்து உடம்பைத் திருப்பிடற. இதோட இன்னும் ஒசரம் போனேன்னா ஒரு நாள் மெத்தைக்கு வெளியதான் விழுவ. சீட்டு தர்றேன். ஆனா முதல் வருஷம் போட்டி கெடையாது. விழறதுக்குக் கத்துக்கணும். சம்மதம்னா திங்கக்கிழமை வந்து சேரு." என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க பாட்டிம்மா?" என்றார்.

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"பெரிம்மா பேச மாட்டாங்க சார்" என்றாள் அவள். "வீட்ல கேட்டுச் சொல்றேன்."

திரும்பி வரும்போது லாரியில் பெட்டி இல்லை. காலி வண்டி குலுங்கிக்கொண்டே வந்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி எலுமிச்சைச் சாதத்தைத் திறந்தோம். "பக்கத்துக் காலேஜ்னா நாளைக்கே போட்டி, பெரிம்மா" என்றாள் ஒரு தடவை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா மூட்டைலதான் விழணும்" என்றாள்.

வீட்டில் சண்டை என்று சொல்ல முடியாது. அவள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"ஒரு வருசம் போட்டி இல்லன்னா சர்டிபிகேட்?"

"வராதுப்பா."

"இங்க?"

"இங்க வரும்."

"அப்புறம் இன்னா? விழறதுக்கு ஒரு வருசமா? எவனாவது விழறதுக்குக் காலேஜ் போவானா? தாண்டறதுக்குத்தான் போவான்."

தங்கச்சி, "நீங்க மட்டும் ஸ்கூட்டர்ல விழறதுக்கு எங்க கத்துக்கினீங்க? சும்மாவே நல்லா விழறீங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. தங்கச்சிக்கு மகளை ஹாஸ்டலில் விட பயம். எதையாவது சொல்லி வைத்தாள்.

பெண் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீ ஒரு நாளாவது வந்து பாத்திருக்கியாப்பா?"

பார்த்ததில்லை. அவள் பழகுகிற நேரம் அவர் கம்பெனியில் இருப்பார். போட்டி நடக்கிற ஊருக்குப் போக லீவு கிடைக்காது. ஃபோம் கொடுத்தது தன் கம்பெனி என்று மட்டும் எல்லாரிடமும் சொல்வார். "எங்க மெத்தைலதான் எம்பொண்ணு பழகுது" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போனோம். மாஸ்டர் வந்து கம்பியை ஏற்றி வைத்தார். அவள் ஓடினாள். கம்பு வளைந்தபோது அவள் அப்பா வாய் திறந்தபடியே நின்றார். கம்பிக்கு மேலே போனபோது, "தோ! தோ!" என்று என் கையைப் பிடித்துவிட்டார். பிடித்தது தெரிந்ததும் விட்டார். மெத்தைப் பக்கம் விழுந்து எழுந்தாள். மறுபடியும் தாண்டச் சொன்னார். தாண்டினாள். போனில் படம் பிடித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லாத்தான விழற? இதுக்கா ஒரு வருசம்?"

"அங்க எல்லாரும் நடுவுல விழறாங்கப்பா. இப்ப அப்படி விழறேன், பாரு."

மாஸ்டர், "வேணாம்மா" என்றார். அவள் அதற்குள் கம்பைத் தூக்கிவிட்டாள்.

மேலே போகிற வரைக்கும் அதே மாதிரிதான். பிறகு உடம்பைத் திருப்பாமல் நேராக வந்தாள். மூட்டைகள் இரண்டு பக்கமும் விலகின. தார்ப்பாயோடு சேர்ந்து உள்ளே போய்விட்டாள். தொப்பென்று தரையில் விழுந்த சத்தம். தலை தெரியவில்லை. தங்கச்சி கத்தினாள். மாஸ்டர் ஓடினார். அவள் கையை நீட்டி, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கப் பார்த்தாள்.

அவள் அப்பா மூட்டைக்குப் பக்கத்தில் போனார். தோலைப் பார்க்கிறவர்கள் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இடது பக்க மூட்டையை அழுத்தினார். விரல் உள்ளே போனது. வலது பக்கத்தை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். தையலை விலக்கி ஒரு துண்டை வெளியே இழுத்துப் பார்த்தார்.

"இது சோலு சீட்டு."

"கெடச்சத வெச்சு அடுக்கினோம்" என்றார் மாஸ்டர்.

"இல்ல, உங்கள சொல்லல." அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே, "எத்தன வருசமா இதுல விழுந்துனு இருக்குற?" என்று அவளைக் கேட்டார். அவள், "நான் மெத்தப் பக்கம்தாம்ப்பா விழுவேன்" என்றாள்.

அவர் கட்டைப் பக்கத்து மூட்டை மேல் உட்கார்ந்தார். தங்கச்சி பெண்ணின் இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அரக்கோணத்து ரயில்வே வேலையைப் பற்றி அவர் அன்றைக்குப் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். லாரி டிரைவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"நாளைக்கு மெட்ராஸ் வண்டி எப்ப கெளம்புது?"

"அஞ்சு மணிக்கு. இன்னாண்ணே, மறுபடியும் அந்தக் கம்பா?"

"கம்பும், ஒரு பெட்டியும், ஆளும். இந்த வாட்டி நானும் வர்றேன். சூப்பர்வைசர் இன்னா சொன்னாலும் சொல்லினு போறான்."

"வாங்க. ஆயாகிட்ட அந்தச் செகப்புக் கொடிய மறக்காம எடுத்துனு வரச் சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விஷயம் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். வலியோடு சேர்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். இந்தத் தடவை வேறு துணி தேட வேண்டும். கடைசியில் மிஷின் துடைக்கக் கொடுக்கிற துணியில் சிவப்பாக ஒன்று தங்கச்சி பையில் இருந்தது. ஓரம் மடித்துத் தைத்து, கம்பு முனையில் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் படுத்தேன்.