வரப்பில் ஒரு கிரீன்

கோல்ஃப் எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் என் பெரியப்பாவின் வழுக்கைத் தலை. இதை நான் இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. புல் வளர்ப்பு பற்றியும் ஆட்ட விதிகள் பற்றியும் வகுப்பெடுக்கக் கூப்பிடுவார்கள். "உங்களுக்கு எப்படி மேடம் இந்த ஆர்வம் வந்தது?" என்று யாராவது கேட்பார்கள். நானும் மலை, பசுமை, இயற்கை என்று எதையாவது சொல்லிவைப்பேன். அத்தனையும் பொய். எனக்கு அது வயிற்றெரிச்சலில் வந்த ஆர்வம்.

தஞ்சாவூருக்கு மேற்கே, திருக்காட்டுப்பள்ளி போகும் வழியில் எங்கள் ஊர். அப்பாவுக்கும் அவருடைய அண்ணனுக்கும் பாகம் பிரித்த வயல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் ஒரு வரப்பு. ஒவ்வொரு வருடமும் உழவுக்கு முன்னால் வரப்பின் இரண்டு பக்கமும் புல்லைச் செதுக்கி, சேறு பூசிச் சரிசெய்வது எல்லோரும் செய்கிற வேலை. பெரியப்பா மட்டும் அதைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்வார். தன் பக்கம் நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, அந்த மண்ணை எங்கள் பக்கம் வீசிப் பூசிவிடுவார். வரப்பு பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும். ஆனால் நாலு விரல் எங்கள் வயலுக்குள் நகர்ந்திருக்கும். பன்னிரண்டு வருடத்தில் இரண்டு முழம் நகர்ந்துவிட்டது. வரப்பின் நடுவில் இருந்த சர்வே கல் முதலில் ஓரத்துக்கு வந்தது, பிறகு அவர் வயலுக்குள் போனது, ஒரு வருடம் காணாமலே போய்விட்டது.

நான் பிளஸ் டூ படித்தபோது அப்பா ஒருவழியாக வாயைத் திறந்தார். பிள்ளையார் கோயில் வாசலில் நாலு பேரை வைத்துப் பேசினார்கள். ரைஸ் மில்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், இன்னும் இரண்டு பேர். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கோலத்திலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"நானா? நானா வரப்புல கைய வச்சேன்? பாத்தவன் எவன்?" என்றார் பெரியப்பா.

"நான் பாத்தேண்ணே. விடியக்காலைல, யாரும் வர்றதுக்கு முந்தி, நீங்கதான் வெட்டுனீங்க" என்றார் அப்பா.

"நீ பாத்தா ஆச்சா? உனக்கு வேணுங்கறதத்தானடா உன் கண்ணு பாக்கும்."

ரைஸ் மில்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீ பாத்தது செல்லாதுப்பா. வேற ஆளு பாத்திருந்தா கூட்டிட்டு வா" என்றார். பார்த்த ஆட்கள் இரண்டு பேர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். வாயில் கொழுக்கட்டை. கடைசியில், அண்ணன் மேல் அபாண்டமாகப் பழி போட்டதற்கு மன்னிப்புக் கேட்டுவிடு என்றார்கள். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். பெரியப்பா பெரிய மனது பண்ணி, "போடா போ, நீ என் தம்பிதானே" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை ஒரு சொட்டு குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

அதன் பிறகு அப்பா எதைப் பற்றியும் "நான் பாத்தேன்" என்று சொல்வதை நிறுத்திவிட்டார். மழை வருமா என்று கேட்டால்கூட, "தெரியலம்மா, நீயே பாத்துக்க" என்பார்.

விவசாய டிப்ளமோ முடித்ததும் எனக்கு மலையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை கிடைத்தது. புல்லைப் பராமரிக்கிற வேலை. ஒரு கல்யாணப் பந்தியில் அப்பா இதைக் கூச்சத்தோடு சொல்ல, எதிர் இலையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா பந்திக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏண்டா, பொட்டப்புள்ளய இவ்வளவு படிக்கவச்சு, கடைசில புல்லு புடுங்கவா அனுப்புற?" ரசம் ஊற்றியவன்கூடச் சிரித்தான். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார்.

அந்த மலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு ஒரு வேடிக்கை தெரிந்தது. குழியைச் சுற்றிக் கம்பளம் விரித்ததுபோல் ஒட்ட வெட்டி வைத்திருக்கிற இடத்தைக் கிரீன் என்கிறார்கள். அங்கே ராஜ மரியாதையோடு வளர்த்துக்கொண்டிருந்தது வேறொன்றுமில்லை, அருகம்புல்லின் ஒரு வகை. எங்கள் ஊரில் வரப்பிலிருந்து வேரோடு பிடுங்கி எறிவோமே, அதேதான். அட கடவுளே என்று சிரித்துவிட்டேன்.

வேலை முடிந்ததும் சாயங்காலம் ஸ்டோர் ரூமில் கிடந்த துருப்பிடித்த ஏழாம் நம்பர் மட்டையை எடுத்துக்கொண்டு போவேன். புதருக்குள் தொலைந்த பந்துகளைப் பொறுக்கி வைத்திருந்தேன். முதல் பந்தைத் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தபோது, வெள்ளையாக, உருண்டையாக, பளபளவென்று சாட்சாத் பெரியப்பாவின் தலை. விட்டேன் பாருங்கள் ஒரு அடி! மட்டை மண்ணைத்தான் பெயர்த்தது. பந்து இருந்த இடத்திலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்தது. இன்னொன்று. அதுவும் பத்தடி உருண்டு நின்றுவிட்டது.

மூன்று வாரம் இதே கதைதான். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. ஒருநாள் களைத்துப்போய், இனிமேல் ஆவது என்ன என்று மெதுவாக, அவசரமே இல்லாமல் சுற்றினேன். டக் என்று ஒரு சத்தம். கையில் எதுவுமே தெரியவில்லை. பந்து மட்டும் மரங்களுக்கு மேலே போய், கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, தூரத்தில் இறங்கியது. அந்தச் சத்தத்துக்காக நான் சோற்றை மறந்தேன். கோபத்தை அவசரப்படுத்தினால் பத்தடி, நிதானமாக வைத்திருந்தால் நூற்றிருபது கெஜம். இது எனக்குப் பந்தாட்டத்துக்கு மட்டும் பயன்பட்ட பாடம் இல்லை.

இன்னொன்றும் பிடித்துப்போனது. பந்து எங்கே கிடக்கிறதோ அங்கேயே, கிடக்கிறபடியே ஆட வேண்டும். குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போடுபவருக்குத்தான் வெற்றி; நகர்த்தினால் தண்டனையாகக் கணக்கில் ஓர் அடி கூடும், பந்தையும் பழைய இடத்தில் திருப்பி வைக்க வேண்டும். முதலில் இதைப் படித்தபோது, எங்கள் ஊரில் இது நடக்கிற காரியமா என்று தோன்றியது. பிறகு அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். விதிப் புத்தகம் முழுவதும் மனப்பாடமானது. பரீட்சை எழுதி நடுவரானேன். பகலில் புல், வார இறுதியில் போட்டிகள். வேலையே வாழ்க்கையாகிவிட்டது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் ஊரில் இல்லாத அந்த வருடங்களிலும் வரப்பு நாலு நாலு விரலாக நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு, வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, காவிரிப் படுகையில் ஒன்பது குழி மைதானம் போட ஆரம்பித்தார். புல்லுக்குப் பொறுப்பாக என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஊர் நடவுப் பெண்களை வைத்தே புல்லை நட்டேன். "இத்தன வருசமா இத புடுங்கிப் போடத்தான் கூலி குடுத்தாங்க, நீ நடச் சொல்றியே, நல்லா இருக்கியா நீ?" என்று கேலி செய்துகொண்டே நாற்று நடுகிற வேகத்தில் நட்டார்கள்.

மைதானம் திறந்ததும் சுற்று வட்டாரப் பெரிய மனிதர்களுக்கெல்லாம் அழைப்பு. பெரியப்பாவும் வந்தார். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்கிறாராம் டாக்டர். அவருடைய பையன் சிங்கப்பூரிலிருந்து மட்டைகள் அனுப்பியிருந்தான். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, கூடவே அதே ரைஸ் மில்காரர், அதே தலைமையாசிரியர். "நம்ம தம்பி பொண்ணுதான், இங்க புல்லு வெட்டுது" என்று அறிமுகம் வேறு.

நான் புல்வெட்டும் வண்டியில் உட்கார்ந்தபடி ஒரு மாதம் அவரைக் கவனித்தேன். ஆறாவது குழிக்குப் போகிற வழியில், வலது பக்கம் புல்லை உயரமாக விட்டிருந்தோம். அவர் பந்து தவறாமல் அங்கேதான் போகும். அவர் தவறாமல் சுற்றும்முற்றும் பார்ப்பார். பிறகு செருப்பு நுனியால் ஒரு தள்ளு. ஒரு சாண். பந்து நல்ல இடத்துக்கு வந்துவிடும். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனிதர் மாறவே இல்லை!

அறுவடை முடிந்த மாசி மாதத்தில் முதல் போட்டி வைத்தோம். நான்தான் நடுவர். பந்து விழுகிற இடத்தைப் பார்த்துப் பக்கத்தில் கம்பிக்கொடி குத்திவைக்க ஒவ்வொரு குழிக்கும் ஓர் ஆள் வேண்டும். ஆறாவது குழிக்கு அப்பாவைப் போட்டேன்.

"எனக்கு என்னம்மா தெரியும்?" என்றார்.

"ஒண்ணும் தெரிய வேணாம்ப்பா. பாக்கணும். அதான் வேலை."

வேறெதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. சொந்த அப்பாவையும் பெரியப்பாவையும் வைத்துக்கொண்டு நான் நடுவராக நின்றது சரியா என்றால், சரியில்லை. தெரிந்துதான் செய்தேன்.

பெரியப்பாவின் பந்து புல்லுக்குள் போனது. அப்பா போய்ப் பார்த்துக் கொடியைக் குத்தினார். கூட ஆடிய ரைஸ் மில்காரரும் தலைமையாசிரியரும் தங்கள் பந்துகளைத் தேடி இடது பக்கம் நடந்தார்கள். பெரியப்பா வந்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். தென்னை மறைவில் நின்ற என்னை அவர் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார், ஆனால் ஓர் ஆளாகவே மதிக்கவில்லை. செருப்பால் ஒரு தள்ளு. பிறகு கொடியைப் பிடுங்கி அப்பா கையில் கொடுத்து, "இந்தா, நீ போ" என்றார்.

வரப்பிலிருந்த சர்வே கல்லைப் பிடுங்கியதும் இப்படித்தான் இருந்திருக்கும். நான் நிதானமாக நடந்து போனேன். கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரையும் கூப்பிட்டேன்.

"பெரியப்பா, பந்த நகத்துனீங்களா?"

"நானா? நானா பந்துல கைய வச்சேன்? பாத்தவன் எவன்?"

அதே வார்த்தைகள். நான் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"இங்க பாக்கறதுக்குன்னு நிக்கவச்ச ஆளு நீங்கதான். நீங்க பாத்தீங்களாப்பா?"

அப்பா கையிலிருந்த கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பா, "சொல்லுடா" என்று அதட்டினார். அப்பா மறுபடியும் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அப்படி நடந்திருந்தால் நான் மட்டையைத் தூக்கிக் காவிரியில் எறிந்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் குனிந்தார். புல்லை இரண்டு கையாலும் விலக்கினார். கம்பிக்கொடி குத்திய ஓட்டை அங்கே தெரிந்தது.

"பந்து இங்க இருந்துச்சு. அண்ணன் கால்ல தள்ளுனாரு. நான் பாத்தேன்" என்றார். நிமிர்ந்து ரைஸ் மில்காரரை நேராகப் பார்த்து, "அன்னைக்கும் பாத்தேன்" என்றார்.

ரைஸ் மில்காரர் தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "இவர் பாத்தது செல்லும். ஓர் அடி தண்டனை. பந்த இருந்த எடத்துலயே வைங்க பெரியப்பா."

"ஆடுறவர்தான் வைக்கணும்" என்றும் சேர்த்துக்கொண்டேன். எழுபது வயது மனிதர், தொப்பியைப் பிடித்துக்கொண்டு, தம்பி விலக்கிப் பிடித்த புல்லுக்குள் குனிந்து, தன் கையாலேயே பந்தைத் திருப்பி வைத்தார். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் தோன்றவில்லை.

மறுநாள் டீக்கடையில் இதுதான் பேச்சு. பந்தையே தள்ளுகிற ஆள் வரப்பை விட்டுவைத்திருப்பாரா என்று, அன்று கொழுக்கட்டையை மென்றவர்கள்கூடப் பேச ஆரம்பித்தார்கள். கோடை மழை பெய்து மண் இளகியதும், அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். விடியற்காலையில் இல்லை, பத்து மணி வெயிலில், ஊரே பார்க்க. ரைஸ் மில்காரரும் தலைமையாசிரியரும் கூப்பிடாமலே வந்து நின்றார்கள். பெரியப்பா தன் மோட்டார் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டார். அப்பா பழைய எல்லையை நினைவிலிருந்தே நடந்து காட்டி முளை அடித்தார். நான் சர்வே ஆபீஸிலிருந்து வயலின் அளவு போட்ட புலப்படத்தை வாங்கிவந்து, மைதானத்தில் தூரம் பார்க்கிற கருவியாலும் நாடாவாலும் அளந்து பார்த்தேன். நாலு விரல்தான் வித்தியாசம். அதுவும் அண்ணன் பக்கம் விட்டுக்கொடுத்த நாலு விரல். "அதையும் எடுங்கப்பா" என்று கத்தினேன். "போதும்மா" என்று சொல்லிவிட்டு அப்பா வெட்ட ஆரம்பித்தார்.

அப்பாவுக்குப் போதும். எனக்குப் போதாது. புது வரப்பு நெடுக என் மைதானத்துப் புல்லைக் கொண்டுவந்து பதித்தேன். அது பிடித்துக்கொண்டதும் கிரீனை வெட்டுகிற மாதிரியே ஒட்ட வெட்டிவிட்டேன். அதில் ஒரு விரல் அகலம் செதுக்கினாலும் தார் ரோட்டில் போகிறவனுக்குத் தெரியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கை மிஷினை எடுத்துக்கொண்டு போய் நானேதான் வெட்டுகிறேன்.

போன வாரம் வெட்டிக்கொண்டிருந்தபோது பெரியப்பா தன் வயலில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரம் வரப்பையே பார்த்தார். போட்டிக்குப் பிறகு என்னோடு பேசாதவர், அன்றைக்குப் பேசினார்.

"என்ன புல்லும்மா இது, இவ்வளவு கெட்டியா இருக்கு?"

நான் மிஷினை நிறுத்தினேன்.

"நான் புடுங்கப் போன புல்லு, பெரியப்பா."