வெந்நீர்க் குளத்து வெள்ளிக்கிழமைகள்

அந்தக் குளிர்காலத்தில் என் மனைவி கோயம்புத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். நானும் எங்கள் ஏழு வயது மகளும் ஷார்ஜாவில், ரோலா பகுதியில் ஒரு பிளாட்டில் இருந்தோம். இரண்டாவது பிரசவத்துக்கென்று ஊருக்குப் போனவளுக்கு நாள் வருவதற்கு வெகு முன்பே வலி கண்டுவிட்டது. பையன். நுரையீரல் முழுதாக வளர்ந்திருக்கவில்லை என்றார்கள். நான் லீவு சொல்லி, மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பள்ளி திறக்கும் நேரத்தில் நாங்கள் இருவரும் திரும்பினோம். மனைவிக்கு உடம்பு தேறட்டும் என்று அத்தை அங்கேயே வைத்துக்கொண்டார்.

மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்தது என் மனைவிதான், ஊருக்குப் போகும் முன்பு. நீச்சல் உடையைக்கூட ஒரு அளவு பெரிதாக வாங்கி வைத்திருந்தாள். அது அலமாரியில் கண்ணில் பட்டபோது, சரி, போகலாம் என்று கிளம்பிவிட்டேன். அதற்கு மேல் யோசித்ததாக ஞாபகம் இல்லை. அந்த மாதங்களில் எதையுமே யோசித்துச் செய்யவில்லை. டூட்டிக்குப் போனேன், சைட்டில் கேட்டதற்குப் பதில் சொன்னேன், வந்து சமைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வகுப்பு. ஒரு கிளப்பின் பின்புறம், திறந்தவெளியில் குளம். தண்ணீரைச் சூடுபண்ணி வைத்திருப்பார்கள். வெளியே குளிர் என்பதால் மேலே ஆவி நின்றுகொண்டே இருக்கும். அதற்குள் பிள்ளைகளின் தலைகள் மட்டும் தெரியும். பெற்றோர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்போம். சொல்லிக்கொடுப்பவர் எகிப்துக்காரர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யல்லா, பேஸ் டவுன்! பபிள்ஸ், பபிள்ஸ்!" என்று கத்துவார். மற்ற பிள்ளைகள் முகத்தை அமுக்கிக் குமிழி விடுவார்கள். என் மகள் மட்டும் தாடையை மேலே தூக்கிக்கொண்டு, முகத்தில் ஒரு சொட்டுப் படாமல் காலை உதைப்பாள்.

தண்ணீருக்குள் இருக்கும்வரை குளிர் தெரியாது. ஏறி வந்தால்தான் கஷ்டம். முதல் வாரம் டவலைச் சுற்றிக்கொண்டு பல் கிட்டித்து நின்றாள். உடை மாற்றும் அறை பெண்களுக்குத் தனி. நான் உள்ளே போக முடியாது. அவளுக்கோ ஈரத்தோடு ஒட்டிய உடையைத் தனியாகக் கழற்றத் தெரியவில்லை. வாசலில் நின்று என்ன செய்வதென்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், தன் மகளை ஒரு கையில் பிடித்தபடி வந்தார்.

"அம்மா வரேல்லையோ? விடுங்கோ அண்ணா, நான் கூட்டிக்கொண்டு போய் மாத்திவிடுறன்."

அன்றுமுதல் ஒவ்வொரு வாரமும் அவரே என் மகளையும் மாற்றிவிட்டுத் தலை துவட்டி அனுப்பினார். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ கேட்டார்: "அம்மா ஊரிலயோ?"

"ஆமாங்க. டெலிவரிக்குப் போனாங்க."

"என்ன பிள்ளை?"

"பையன்."

"நல்ல விசயம். தாயும் பிள்ளையும் சுகமோ?"

"ம்" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்றில்லை. அடுத்த வாக்கியத்தைச் சொல்ல வாய் எழவில்லை, அவ்வளவுதான். அதன்பின் அதை மறந்தும் போனேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, வகுப்பு தொடங்கும் முன் அவர் ஒரு பை கொண்டுவந்தார். வெளிர் நீலத்தில் ஒரு சின்னத் தொப்பி, காலுறை, போர்வை. "குளிர் முடியிறதுக்குள்ள வருவினம்தானே, தேவைப்படும்" என்று என் மடியில் வைத்தார். நான் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

பக்கத்தில் நின்று நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்த என் மகள் சொன்னாள்: "ஆண்ட்டி, தம்பி இல்ல. ஹி இஸ் டெட். அவனுக்கு லங்ஸ் வளரல."

பள்ளியில் படித்த பாடத்தை ஒப்பிப்பதுபோல் சொன்னாள். நுரையீரல் விஷயம் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கேப்டன் விசில் ஊதினார். அவள் ஓடிவிட்டாள்.

அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணா, எனக்குத் தெரியாது." ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. என் மடியிலிருந்த துணிகளை எடுத்து, மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு வெட்கமோ துக்கமோ வந்திருக்க வேண்டும். கால்விரல்கள் மரத்திருந்தது மட்டும் தெரிந்தது.

அன்றைக்குத்தான் என் மகள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். யாரும் வற்புறுத்தவில்லை. வரிசையில் அவள் முறை வந்தது, குனிந்தாள், குமிழி வந்தது. கேப்டன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவிக்குப் போன் செய்தேன். எங்கள் பேச்சில் அப்போது நீச்சல் வகுப்பு மட்டும்தான் இருந்தது. வேறு எதைத் தொட்டாலும் இருவருமே நின்றுவிடுவோம்.

"ஏனுங்க, இன்னைக்காவது மூஞ்சியத் தண்ணிக்குள்ள வெச்சாளா?"

"வெச்சா."

"நெசமாவா? எத்தன நேரம்?"

"கொஞ்ச நேரந்தான். நாலஞ்சு தடவ வெச்சா."

"மூச்சு முட்டலீங்களா?"

"இல்ல. வெளிய வந்து நல்லா மூச்சு வாங்கிட்டு, மறுபடி போனா."

"இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள்.

"வெளிய வந்து மூச்சு வாங்கினா. ஒண்ணும் ஆகல."

அவள் அழத் தொடங்கினாள். ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் நான் பார்த்தவரை அவள் அழவில்லை. எல்லோரும் அழச்சொல்லிப் பார்த்தும் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனியில் நின்றேன். கீழே தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். "அப்பா, பசிக்குது" என்று மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போனை வைக்காமல் அப்படியே அடுப்பைப் பற்றவைத்து ஒரு கையால் தோசை ஊற்றினேன்.

மார்ச்சில் என் மனைவி திரும்பி வந்தாள். வகுப்புகள் முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. வெயில் ஏறிவிட்டதால் தண்ணீரைச் சூடுபண்ணுவதை நிறுத்தியிருந்தார்கள். மகள் குளத்தின் குறுக்கே நீந்திக் காட்டினாள். என் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே பார்த்தாள்.

முடிந்ததும் அவளும் அந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணும் பிள்ளைகளோடு உடை மாற்றும் அறைக்குள் போனார்கள். வெகுநேரம் வரவில்லை. பிள்ளைகள் இருவரும் தலை சீவிக்கொண்டு முதலில் வந்து, கேன்டீனில் ஜூஸ் கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்து ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை அவளும் சொல்லவில்லை.

"போலாங்களா?" என்றாள்.

காரை எடுத்தேன். அவள் முன்சீட்டில் உட்கார்ந்து, ஈரமாக இருந்த மகளின் செருப்பைக் கால்மாட்டில் வைத்துக்கொண்டாள்.