நாலு மணிக்கு முன் சுருதி இல்லை

மாடிப்படியில் கால் வைக்கும்போதே வயலின் டீச்சர் வைய ஆரம்பித்துவிடுவார். லிஃப்ட் மாணவர்களுக்கு மட்டுமாம். "காசு கட்டுறவங்க பறந்து போகட்டும், பாடம் சொல்றவ மூச்சு வாங்கிக்கிட்டு ஏறட்டும். நல்லா இருக்குடா உங்க நியாயம்!" என்று முதல் மாடியில் தொடங்கினால், மூன்றாம் மாடியில் இசைப்பள்ளியின் கதவைத் தள்ளுவதற்குள் முதலாளியின் ஏழு தலைமுறையையும் இழுத்து முடித்திருப்பார்.

வயது ஐம்பத்திரண்டு. இடது தாடைக்குக் கீழே வயலின் அழுத்திக் கறுத்த தழும்பு. கைப்பையில் தலைவலி மாத்திரையும் ஒரு கட்டு பஞ்சும் எப்போதும் இருக்கும். பஞ்சு காதுக்கு. அடுத்த அறையில் டிரம்ஸ். நடுவில் இருப்பது சுவரல்ல, பிளைவுட் பலகை. "சுவர் எழுப்புன்னு மூணு வருஷமா கேக்குறேன், பூந்தொட்டி வாங்கி வச்சிருக்கான்" என்பார். முதலாளி முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'அவன்'.

பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'காது மிஸ்'. எந்த அறையில் எந்தக் கம்பி இறங்கியிருக்கிறது என்று நடந்து போகிறபோதே சொல்லிவிடுவார். குக்கர் விசில் அரை சுருதி இறங்கிவிட்டது, புதுசு வாங்குங்கள் என்று ஒருநாள் பிடிவாதம் பிடித்தாராம். "குக்கருக்குமா சுருதி? என்னை விட்டுடு தாயே!" என்று வீட்டுக்காரர் கும்பிட்டார்.

இந்தக் காதைத்தான் பள்ளி இத்தனை வருஷமும் ஓசியில் தின்றது. பள்ளிக்குச் சொந்தமாகப் பதினான்கு சின்ன வயலின்கள். தினமும் மூன்று மணிக்கே வந்து எல்லாவற்றுக்கும் சுருதி சேர்த்து வைக்க வேண்டும். சம்பளமோ, நாலு மணிக்குப் பிள்ளை வந்து உட்கார்ந்த பிறகுதான். பிள்ளை வராவிட்டால் அதுவும் இல்லை. வீட்டுக்குப் போகவும் கூடாது. கிட்டார் மாஸ்டருக்கும் செல்லோ டீச்சருக்கும் இதே கதி. கேட்டால், "நாமெல்லாம் ஒரே குடும்பம், டீச்சர்" என்பார் முதலாளி. போன மாதம் டீச்சருக்கு மூன்று நாள் காய்ச்சல். அந்தக் குடும்பம் மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது. வயிறு எரியுமா, எரியாதா?

எரிந்தது. மற்ற ஆசிரியர்கள் ஐந்து பேரையும் அதே மாடிப்படியில் உட்கார வைத்து ஒரு கடிதம் எழுதினார். உள்ளே வந்த நேரத்திலிருந்து சம்பளம், காய்ச்சலுக்கு விடுப்பு, ஒரு சுவர். முதல் கையெழுத்து யார் போடுவது என்று கிட்டார் மாஸ்டர் இழுத்தார். "கொண்டா இங்க. போனா என் வேலை முதல்ல போகட்டும்." முதலாளி பதிலாக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்: 'இசை ஒரு சேவை.' "அப்ப பிள்ளைங்ககிட்ட வாங்குறதையும் சேவையா விட்டுடச் சொல்லு!" என்று அன்று டீச்சர் போட்ட சத்தம் டிரம்ஸைத் தாண்டிக் கேட்டது.

ஆகவே, திங்கட்கிழமை முதல் நாலு மணிக்கு முன் யாரும் சுருதி சேர்ப்பதில்லை என்று முடிவானது. பாட நேரத்தில் சேர்ப்போம், பெற்றோர்கள் பார்க்கட்டும். ஒருவர் இளகிச் சேர்த்துக் கொடுத்தாலும் கடிதம் குப்பைத்தொட்டிக்குத்தான். அது ஆறு பேருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். கீபோர்டு மாஸ்டர்தான் பாவம், சேர்க்காமல் விட அவருக்குச் சுருதியே கிடையாது. பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் தவறியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் டீச்சரேதான். திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு, அலமாரி துடைக்கிற அம்மாவின் துணி பட்டு ஒரு வயலின் கம்பி ஒலித்தது. இறங்கிப்போன கம்பி. பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி, அதை முறுக்கும் பிரடையைத் திருகிவிட்டார்.

"அக்கா, கை!" என்று அலறினார் செல்லோ டீச்சர்.

"சனியன் புடிச்ச கை!" திருகியதைப் பழையபடி இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதலாளி கண்ணாடி அறைக்குள்ளிருந்து அதைப் பார்த்துவிட்டார். சிரித்துக்கொண்டே வந்தார். இருப்பதிலேயே சின்ன வயலினை எடுத்து, டீச்சரின் காதருகே பிடித்து, ஒவ்வொரு கம்பியாகச் சுண்டினார். கர்ண கொடூரம். மறுபடியும் சுண்டினார். மனிதனா அவர்?

"கேக்க முடியலைல்ல, டீச்சர்? ரெண்டே நிமிஷம். உங்க கை பட்டாப் போதும்."

மணி மூன்று நாற்பது. டீச்சருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது, கண் கலங்கிவிட்டது. மற்ற ஐந்து பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"குடுங்க சார்" என்றார்.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நாலு பிரடைகளையும் ஒவ்வொன்றாக, கம்பிகள் துவண்டு தொங்கும் வரை தளர்த்தினார். கம்பிகளைத் தாங்கி நின்ற சின்ன மரத்துண்டு பிடிமானம் இல்லாமல் சாய்ந்து விழுந்தது. அதை எடுத்து முதலாளியின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.