மரத்தடியில் யாரும் இல்லை

போட்டோக்காரரோடு ஓடிப்போனாளாம். யார் சொன்னது, எதிர்வீட்டுக்காரிதானே? அந்த மனிதருக்கு என் வயது. பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் டீயே குடிப்பார். என் மருமகளைப் பற்றிப் பேசுவதென்றால் என்னைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

அவள் தையல்காரி. எங்கள் முன்னறையில்தான் மிஷின். தலைப்பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்து அன்றைக்கே போய்விட்டது. மயக்கத்தில் கிடந்தவள் முகம்கூடப் பார்க்கவில்லை. கண் விழித்ததும் எங்கே வைத்தீர்கள் என்றுதான் கேட்டாள். ஊருக்கு வெளியே பழைய கல்லறைத் தோட்டத்தில், பெரிய மரத்தடியில் என்றான் என் மகன். அப்புறம் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை.

வாரம் தவறாமல் போய் மரத்தடியைக் கூட்டுவாள். கூட்டப் போனவள் பக்கத்துக் கல்லையும் துடைத்தாள். பாசிக்கடியில் எழுத்து இருந்தது, பல தலைமுறைக்கு முந்தையது. அப்படியே ஒவ்வொரு கல்லாகப் போனாள். தெருவில் அவளுக்குக் கல்லறைக்காரி என்று பட்டம் கட்டினார்கள். பிணத்துக்கு அளவெடுக்கிற கை என்று ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதையும் நிறுத்தினார்கள். இவள் சிரிப்பாள். “அவங்க அசையாம இருப்பாங்க அத்தை, அளவு தப்பவே தப்பாது.”

பிறகு தாலுகா ஆபீசிலிருந்து அறிவிப்பு வந்தது. தோட்டத்தில் பாதியை மட்டமாக்கி லாரிக்கு வழி விடுவார்களாம், இன்னார் இங்கே கிடக்கிறார் என்று காட்டினால் அந்த இடத்தை மட்டும் விட்டுவைப்பார்களாம். மரம் நின்றது அந்தப் பாதியில்தான். மிஷினை மூடிவைத்துவிட்டு இறங்கினாள். மண்ணுக்குள் போன கற்களைக் கம்பியால் குத்திக் கண்டுபிடித்தாள், தண்ணீர் விட்டு மெல்லக் கழுவினாள். முகம் பார்க்கிற கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் அடித்தால் தேய்ந்த எழுத்து எழுந்து நிற்கும். கண்ணாடி பிடித்தது நான்தான். படிக்கத் தெரியாத எனக்கே அது யாரோ ஒருத்தர் பேர் என்று தெரிந்தது. ஆபீசுக்குக் காட்ட, அந்தப் போட்டோக்காரர் வந்து படமெடுப்பார். இவள் துணிக்கு மாதிரி வெட்டுகிற பெரிய தாளில் அந்தக் கல்லின் இடத்தை வரைவாள்.

கடைசியில் மரத்தடி. சின்னதாக ஒரு கல் செய்துவைத்திருந்தாள். அதை நடக் குழிவெட்டுகிறவர் கடப்பாரையைப் போட்டார், டங்கென்றது. தள்ளிப் போட்டார், அங்கேயும் அப்படியே. மரத்தைச் சுற்றி ஒரு சாண் மண்ணுக்குக் கீழே முழுக்கப் பாறை.

“இங்க பச்சப்புள்ளைய வைக்கக்கூட ஆழம் பத்தாதும்மா,” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்தபோது என் மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே கேட்டாள். “புள்ளைய எங்க வச்சீங்க?”

அவன் தட்டைப் பார்த்தான். “நீ கேட்டுக்கிட்டே இருந்த. ஏதாவது ஒரு இடம் சொல்லணும்னு தோணுச்சு. ஆஸ்பத்திரியிலயே பாத்துக்கறோம்னாங்க, சரின்னுட்டேன்.”

“எங்க கொண்டுபோனாங்க?”

“கேக்கல.”

எனக்கும் அது பேரப்பிள்ளைதான். அன்றைக்குத்தான் நானும் கேள்விப்பட்டேன்.

மறுநாள் தாளை விரித்து, மரத்தடியில் போட்டிருந்த சின்னக் கட்டத்தை அழித்தாள். இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கையைப் பிடித்தேன்.

“மத்ததெல்லாம் நிஜம் அத்தை. நடுவுல இது மட்டும் எப்படி இருக்கும்?”

தாள் ஆபீசுக்குப் போனது. கற்கள் எல்லாம் தப்பின. யாரும் இல்லாத இடம் அது ஒன்றுதான் என்று வழியை மரத்தின் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அவன் பாசத்தில்தான் சொன்னான். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? ஆனாலும் வெறும் பாறையைக் கூட்டிவிட்டு வர அத்தனை வருஷம் அவளை அனுப்பினானே, ஒரு நாளாவது வாய் திறந்திருக்கக் கூடாதா? இதை அவன் முகத்துக்கு நேராகவே கேட்டேன், உங்களுக்கு முன்னாலும் கேட்பேன்.

மரத்தை வெட்டிய அன்று கத்தரிக்கோலையும் நாலு புடவையையும் பையில் வைத்தாள். தங்கச்சி வீட்டுக்குத்தான், வேறெங்கும் இல்லை. அவன் உள்ளறையில் இருந்தான், வெளியே வரவில்லை. நான் வாசல்வரை போனேன்.

“வடக்கு மூலையில ஒரு கல்லு விரிசல் விட்டிருக்கு அத்தை. மழைக்கு முன்னாடி யாரையாவது விட்டு அடைக்கச் சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.