பெயர் சுரண்டப்பட்ட பெட்டி

வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பேருந்தில் நடத்துநர்தான் செய்தியைச் சொன்னார். "சார், உங்க கவுன்சிலரு பூட்டாருங்க. மாரடைப்பாம். இனிமே உங்களுக்கு டிரான்ஸ்பர் கெடச்சிடும்." பேருந்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரிசி ஆலை முதலாளி, எங்கள் வார்டின் நகராட்சி உறுப்பினர் கனகசபையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் கள்ளக்குறிச்சியில் உண்டு. அவரால் வேலை பெற்றவர்கள் எழுதலாம். நான் அவரால் மலைக்குப் போனவன். ஆலைக் கழிவுநீர் தெருவில் ஓடுவதைப் பற்றி ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டேன். மேடையிலிருந்தே சொன்னார்: "வாத்தியாருக்கு ஊரு தண்ணி ஒத்துக்கல போல. மலைத் தண்ணி குடிச்சா சரியாப்பூடும்." அடுத்த மாதமே கல்வராயன் மலைப் பள்ளிக்கு மாறுதல் ஆணை வந்தது. கழிவுநீர் இன்றும் ஓடுகிறது.

வசதியை மறைக்கத் தெரியாதவர். விரல்களில் மோதிரங்கள், அவர் கார் வந்தால் தெருவே ஒதுங்க வேண்டும். ஆனால் வார்டில் ஒரு சாவு என்றால், கட்சி பார்க்காமல், சாதி பார்க்காமல் அவருடைய ஐஸ் பெட்டி வந்துவிடும். பந்தல்காரர்கூட அதற்குப் பிறகுதான். பெட்டியின் பக்கவாட்டில், கைகூப்பிச் சிரிக்கும் அவர் படமும் பெயரும். "கல்யாணத்துக்குக் கூப்புடலன்னா கோவிச்சிக்குவேன். சாவுக்குக் கூப்புடவே வேணாம்" என்பார்.

என் அம்மா இறந்தது சித்திரை வெயிலில். துபாயிலிருந்து தம்பி வந்துசேர மறுநாள் மாலையாகும். அதுவரை அம்மாவின் முகம் தாங்க வேண்டும். பெட்டி வந்தது. அந்தச் சிரிப்பு அம்மாவின் பக்கத்தில் இருக்கக் கூடாதென்று வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். ஊரில் வேறு பெட்டி கிடைக்கவில்லை.

சற்று நேரத்தில் அதே வண்டி திரும்பி வந்தது, பின்னாலேயே அவரும். துக்கம் விசாரிக்கவில்லை. "பெட்டி இன்னாங்க பாவம் பண்ணிச்சி? என் மூஞ்சிதான புடிக்கல?" என்றவர், வெள்ளை வேட்டியோடு தெருவில் குந்தி, கார் சாவியால் தன் படத்தைத் தானே சுரண்டத் தொடங்கினார். ஓடிவந்த ஆட்களை, "போங்கடா, எனக்குத் தெரியும்" என்று விரட்டினார். பெயரின் கடைசி எழுத்தும் போன பிறகு வியர்வையோடு நிமிர்ந்தார்.

"இப்ப உள்ள எடுத்துக்கினு போலாமா சார்?"

தலையசைத்தேன். தம்பி வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

அதற்குப் பிறகும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மாறுதலை அவர் ரத்து செய்யச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். வாசலெங்கும் அவர் சிரிக்கும் ஃபிளெக்ஸ்கள். கூடத்தில் அதே பெட்டியில் அவர். பக்கவாட்டில் சாவிக் கீறல்கள் அப்படியே இருந்தன. புதுப் படம் ஒட்டியிருக்கவில்லை. நான் பார்ப்பதை அவர் மகன் கவனித்தார். "எவ்ளோ சொல்லியும் ஒட்ட வுடல சார். 'அது வாத்தியார் வூட்டுக்குப் போன பெட்டிடா, இருக்கட்டும்'னுவாரு."

கொண்டுபோன மாலையைக் கீறல்கள் மறையாதபடி தள்ளி வைத்தேன். மலைக்கு அனுப்பிய கோபம் என்னிடம் குறையாமல்தான் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே, தெருவில் குந்தித் தன் முகத்தைச் சுரண்டிய அந்த மனிதரும் இருக்கிறார்.